பாடுற பொண்ணு எங்கேப்பா?

இந்த வாரம் ஒரு குட்டி டெஸ்ட். பேப்பர், பேனா எதுவும் வேணாம். சும்மா கண்ணை மூடிக்கிட்டா போதும்.

உங்க காலேஜ் கல்ச்சுரல்ஸ். ராத்திரி எட்டு மணி. ஸ்டேஜ்ல புகை, கலர் லைட், ஒரு ராக் பேண்ட். டிரம்ஸ், பேஸ், லீட் கிடார், நடுவுல மைக். கூட்டம் கத்துது. அந்த பேண்ட்ல ஒரே ஒரு பொண்ணு இருக்கா. ஓகே, இப்போ கண்ணைத் திறங்க. அந்தப் பொண்ணு கையில என்ன இருந்துச்சு?

மைக்தானே? எனக்குத் தெரியும். பசங்களைக் கேட்டாலும் மைக், பொண்ணுங்களைக் கேட்டாலும் மைக். அதான் கொடுமை!

அடியேன் கிடார் வாசிக்கிறவ. பெரும்பாக்கத்துல குடியிருந்துக்கிட்டு ஒரு ஆல்டர்நேட்டிவ் ராக் பேண்ட்ல லீட் கிடார். ஆல்டர்நேட்டிவ்னா என்னன்னு லட்சணம் எல்லாம் கேட்கப்படாது. சினிமா பாட்டு வாசிச்சா வர்ற காசை வேணாம்னு சொல்லிட்டு, சொந்தமா பாட்டு கட்டி, டிஸ்டார்ஷனை ஏத்தி வாசிச்சு, நாற்பது பேர் கைதட்டினா சந்தோஷமா வீடு திரும்புற கூட்டம்னு வெச்சுக்கோங்க. அந்தக் கூட்டத்துல பொண்ணுங்களைக் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுத்தான் தேடணும்.

சவுண்ட் செக் நேரத்துல எனக்கு நடக்குற டயலாக் இது. ஊர் மாறும், ஸ்டேஜ் மாறும், டயலாக் மட்டும் மாறாது.

"ஏம்மா, பாடுற பொண்ணு நீதானே? மைக் எங்க வைக்கணும்?"

"அண்ணா, நான் பாடலைண்ணா. கிடார்."

"ஓ... ரிதமா?"

"லீடுண்ணா."

"ஓ."

அந்தக் கடைசி 'ஓ' இருக்கே, அதுக்கு மட்டும் தனியா ஒரு அகராதி போடலாம். இத்தனைக்கும் கிடார் என் தோள்லதான் தொங்குது. கேபிள் என் கையில. பெடல் போர்டு என் காலடியில. கண்ணுக்கு முன்னாடி இருக்குறதை விட மனசுல ஏற்கெனவே இருக்குற படம்தான் அவருக்கு ஸ்ட்ராங்கா தெரியுது. அண்ணனைக் குறை சொல்லி என்ன பண்றது... அந்தப் படத்தை அவர் மட்டுமா வரைஞ்சார்?

நம்ம சினிமாவையே எடுத்துக்கோங்க. 1980-ல 'மூடுபனி'. பிரதாப் போத்தன் கையில கிடார், எதிர்ல உட்கார்ந்து கேட்கிறது ஷோபா. 28 வருஷம் தள்ளி வாங்க. 2008-ல 'வாரணம் ஆயிரம்'. ரயில்ல கிடாரோட சூர்யா, கேட்கிறது சமீரா ரெட்டி. ரெண்டுமே எனக்கு உயிர், அதை யாரும் குறை சொல்ல விடமாட்டேன். ஆனா கவனிச்சீங்களா? ஸ்டீம் இன்ஜின் போய் எலெக்ட்ரிக் இன்ஜின் வந்தாலும் கிடார் மட்டும் கை மாறலை. பையன் வாசிப்பான், பொண்ணு கன்னத்துல கை வெச்சுக் கேட்பா. கிடார்ங்கிறது நம்ம ஊர்ல ரொம்ப நாளா வாத்தியமாவே இல்லை பாஸ், ப்ரபோஸ் பண்ற கருவியா இருந்துச்சு!

இதுல எனக்குப் புரியாத விஷயம் ஒண்ணு இருக்கு. தந்திக் கருவி நம்ம வீட்டுப் பொண்ணுங்களுக்குப் புதுசா என்ன? வீணைங்கிறது கிடாரை விடப் பெருசு, கனமும் ஜாஸ்தி. அதைக் காலங்காலமா வாசிச்சது யாரு? ஜார்ஜ் டவுன்ல இருந்த வீணை தனம்மாள் (1867–1938) வீட்டு வெள்ளிக்கிழமை கச்சேரியைக் கேட்க அந்தக் காலத்துப் பெரிய பெரிய வித்வான்கள் எல்லாம் போய் வாயைத் திறக்காம உட்கார்ந்திருப்பாங்களாம். அங்கே சத்தம் போடுறது, தலையாட்டி 'பேஷ்' சொல்றது எல்லாம் ரொம்பக் கம்மி. அந்த அம்மா வாசிக்கிற சன்னமான நாதத்துக்காகவே கூட்டம் மூச்சை அடக்கும். அன்னிக்கு மேடையில வாசிச்ச பொண்ணுங்களை ஊர் எந்தக் கண்ணோட பார்த்துச்சுங்கிறது தனிக்கதை. மரியாதை வித்தைக்குத்தான், வித்தை வெச்சிருந்தவளுக்கு அது கிடைச்சதுன்னு சொல்லிட முடியாது.

எங்க பெரியம்மா வீணை வாசிப்பாங்க. அவங்க இடது கை விரல்ல தந்தி அறுத்து அறுத்துக் கோடு விழுந்திருக்கும். அதை யாரும் 'ஐயோ'ன்னு சொன்னதா எனக்கு ஞாபகம் இல்லை. என் விரல் நுனியில காய்ப்பு காய்ச்சதும் மட்டும் சொந்தக்காரங்களுக்கு ஒரே கவலை. "மோதிரம் போடுற கையாச்சே!" மோதிரம் விரல் நுனியிலயா போடுவாங்க? என்னமோ போங்க.

அடுத்த கவலை வாத்தியாருங்களுக்கு. "உனக்குக் கை சின்னதும்மா, எலெக்ட்ரிக் வேணாம், யுகுலேலே ட்ரை பண்ணேன்." இந்த அட்வைஸ் வாங்காத பொண்ணு சென்னையில கிடார் கிளாஸ் போயிருக்கவே முடியாது. சரி, கணக்கைப் பார்ப்போம். கிடார்ல மேல் பக்கத்து நட்டுக்கும் கீழ இருக்குற பிரிட்ஜுக்கும் நடுவுல தந்தி எவ்வளவு நீளம் அதிருதோ, அதுக்கு ஸ்கேல் லெங்த்னு பேர். ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்ல அது 25.5 இன்ச். கிப்சன் லெஸ் பால்ல 24.75 பக்கம். ஃபெண்டர் மஸ்டாங்ல 24. நீளம் குறைஞ்சா ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் இடைவெளி குறையும், அதே சுருதிக்குத் தந்தியோட இறுக்கமும் குறையும், வளைக்கிறது ஈஸி. அந்த 24 இன்ச் மஸ்டாங்கைத்தான் நிர்வாணா கர்ட் கோபேன் போட்டு உடைச்சார். அவருக்கு யாராவது யுகுலேலே சிபாரிசு பண்ணாங்களா? ஏசி/டிசி ஆங்கஸ் யங் உயரம் 5 அடி 2 இன்ச். நம்ம க்ளாஸ்ல முதல் பெஞ்சுல உட்கார வைக்கிற உயரம். அந்தக் கையை யாரும் டேப் வெச்சு அளக்கலை.

எனக்கு உடம்புல நிஜமாவே இடிச்சது கை இல்லை, வேற. நிறைய கிடார் பாடியோட வளைவு ஆம்பளை நெஞ்சை நினைச்சு செதுக்கினது. 2016-ல செயின்ட் வின்சென்ட்ங்கிற பேர்ல இசைக்கிற ஆனி கிளார்க், எர்னி பால் மியூசிக் மேன் கம்பெனியோட சேர்ந்து தனக்குன்னு ஒரு கிடார் டிசைன் பண்ணாங்க. இடுப்பு ஒல்லியா, கனம் கம்மியா, நெஞ்சுல அழுத்தாத மாதிரி. அது வந்த பிறகு ஆம்பளை கிடாரிஸ்டுகளும் அதை வாங்கி வாசிச்சாங்க. முதுகு வலி எல்லாருக்கும் ஒண்ணுதானே!

இப்போ ஹிஸ்டரி கிளாஸ். தூங்கிடாதீங்க, இது சூப்பர் கதை.

ராக் அண்ட் ரோலுக்கு அப்பா யாருன்னு கேட்டா எல்விஸ், சக் பெர்ரின்னு அடிச்சுக்குவாங்க. அம்மா யாருன்னு யாரும் கேட்கிறது இல்லை. சிஸ்டர் ரோசெட்டா தார்ப். 1915-ல அமெரிக்காவோட அர்கன்சாஸ்ல பிறந்த கறுப்பினப் பொண்ணு. சர்ச்சுல பாடி வளர்ந்தவங்க. 1938-லயே ரெக்கார்ட் போட்டாச்சு. எலெக்ட்ரிக் கிடாரைச் சத்தமா, அழுத்தி, தந்தியை வளைச்சு வாசிச்சவங்க. எல்விஸும் சக் பெர்ரியும் ரெக்கார்டிங் ஸ்டுடியோ வாசலை மிதிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடி.

1964 மே மாசம். இங்கிலாந்துல மான்செஸ்டர். ஓடாம விட்டுட்ட ஒரு பழைய ரயில்வே ஸ்டேஷன்ல ஒரு டிவி நிகழ்ச்சிக்காகக் கச்சேரி. இந்தப் பக்க பிளாட்பாரம் ஸ்டேஜ், அந்தப் பக்க பிளாட்பாரத்துல ஆடியன்ஸ். நடுவுல தண்டவாளம். நம்ம தாம்பரத்துல ஒண்ணாம் பிளாட்பாரத்துல கச்சேரி, எதிர் பிளாட்பாரத்துல நாம உட்கார்ந்திருக்கோம்னு நினைச்சுப் பாருங்க. மழை வேற. குதிரை வண்டியில வந்து இறங்கி, நல்ல கோட்டு, ஹை ஹீல்ஸ், வெள்ளை கிப்சன் எஸ்.ஜி. மாட்டிக்கிட்டு, ஐம்பதை நெருங்கின ஒரு அம்மா சோலோ அடிக்கிறாங்க பாருங்க... அந்த வீடியோ இருக்கு. பார்த்துட்டு வந்து என்கிட்ட பேசுங்க.

1973-ல அவங்க இறந்தப்போ கல்லறையில ஒரு கல்லு கூட வைக்கலை. பல வருஷம் கழிச்சுத்தான் வெச்சாங்க. ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்ல சேர்த்தது 2018-ல.

இந்த லிஸ்ட் சமாசாரத்தையும் பாருங்க. 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை 2003-ல உலகத்தோட டாப் 100 கிடாரிஸ்ட் லிஸ்ட் போட்டுச்சு. நூறு பேர்ல பொண்ணுங்க எத்தனை பேர்? ரெண்டு. ஜோனி மிட்செல், ஜோன் ஜெட். ரோசெட்டா தார்ப் நூறுல கிடையவே கிடையாது! அதே பத்திரிகை 2023-ல 250 பேர் லிஸ்ட் போட்டப்போ ரோசெட்டா தார்ப் ஆறாவது இடம். ஜோனி மிட்செல் ஒன்பதாவது இடம். இருபது வருஷத்துல ரோசெட்டா தார்ப் புதுசா எதையாவது வாசிச்சாங்களா என்ன? செத்தே முப்பது, ஐம்பது வருஷம் ஆச்சு. கேட்கிற காது மாறிடுச்சு, அவ்வளவுதான். அதனால யாராவது 'நல்லா வாசிச்சா தானா பேர் வரும்'னு தத்துவம் பேசினா, ஆறுங்கிற நம்பரை மட்டும் சொல்லிட்டு நகர்ந்துடுங்க.

அமெரிக்கா வரைக்கும் ஏன் போகணும்? நம்ம திருவல்லிக்கேணிக்கு வாங்க. கடம் விக்கு விநாயக்ராம் குடும்பத்தோட தாள வாத்தியப் பள்ளி அங்கே. வயலின் கத்துக்கப் போன ஒரு பொண்ணு, பக்கத்துல கேட்ட மிருதங்கத்துல மனசை விட்டு, அப்புறம் கடத்துக்குத் தாவினாங்க. சுகன்யா ராம்கோபால். 1970-கள். அதே காலத்துலதான் விக்கு, கிடாரிஸ்ட் ஜான் மெக்லாஃப்லினோட 'சக்தி'ங்கிற குழுவுல உலகம் சுத்திட்டு இருந்தார். மண்பானை, பொண்ணு விரலுக்குத் தாங்காதேன்னு முதல்ல அவருக்கே தயக்கம். அவரோட அப்பா ஹரிஹர சர்மா 'நான் சொல்லித் தர்றேன்'னு முன்னால வந்தார். பொண்ணு கத்துக்கிட்டாச்சு. அதுக்கப்புறம் என்ன ஆச்சு? பொம்பளை கடத்தோட உட்கார்ந்து வாசிக்க மாட்டோம்னு சில மிருதங்க வித்வான்கள் மறுத்தாங்க. அவங்க வீட்டுக்குப் போய் அழலை. 1995-ல பொண்ணுங்களை மட்டும் வெச்சு 'ஸ்த்ரீ தால் தரங்'னு ஒரு தாள வாத்தியக் குழுவே ஆரம்பிச்சுட்டாங்க. ஏழெட்டு கடத்தைச் சுத்தி வெச்சுக்கிட்டு ராகமே வாசிக்கிறாங்க!

கர்னாடிக் சபாவா இருந்தா என்ன, ராக் ஷோவா இருந்தா என்ன... பாடுறவளுக்கு இடம் கொடுத்துடுவாங்க. அடிக்கிறவளுக்கும் மீட்டுறவளுக்கும்தான் தகராறு.

சில ஊர்ல தகராறு இதோட நிக்கிறதில்லை. இதைச் சிரிச்சுக்கிட்டு எழுத முடியாது.

ஸ்ரீநகர், 2012 டிசம்பர். பத்தாவது படிக்கிற மூணு பொண்ணுங்க. ஒருத்தி கிடாரும் பாட்டும், ஒருத்தி பேஸ், ஒருத்தி டிரம்ஸ். பேண்ட் பேரு 'ப்ரகாஷ்'. நம்ம ஊர்ல பிரகாசம்னு சொல்றோமே, அதே அர்த்தம்தான். காஷ்மீரோட முதல் கேர்ள்ஸ் ராக் பேண்ட். 'பேட்டில் ஆஃப் தி பேண்ட்ஸ்'ங்கிற போட்டியில முதல் தடவையா மேடை ஏறி, பரிசும் வாங்கினாங்க. அவ்வளவுதான். இன்டர்நெட்ல வசவு ஆரம்பிச்சது. பத்தாவது படிக்கிற குழந்தைகளைப் பார்த்து எழுதக் கூசாத வார்த்தை, மிரட்டல். 2013 பிப்ரவரி மாசம் காஷ்மீரோட கிராண்ட் முஃப்தி இது மதத்துக்கு ஆகாதுன்னு சொல்லி ஃபத்வா கொடுத்தார். அப்போ முதலமைச்சரா இருந்த உமர் அப்துல்லா பொண்ணுங்களுக்கு ஆதரவா பேசினார். மிரட்டினவங்கள்ல சிலரை போலீஸ் புடிச்சது. ஆனா அந்த மூணு பேரும் சில நாள்லயே பேண்டைக் கலைச்சுட்டாங்க. மொத்தம் ஒரே ஒரு பப்ளிக் ஷோ.

இதுல என்னைக் குடையிற விஷயம் அந்த ஃபத்வா மட்டும் இல்லை. ஃபத்வா வர்றதுக்கு முன்னாடியே வசவு வந்துடுச்சு. அதை எழுதினது பெரியவர் யாரும் இல்லை. அதுல பாதிக்கு மேல நம்ம வயசுப் பசங்களாத்தான் இருக்கணும்ங்கிறது என் யூகம். ஒரு ஷோவுல நான் சோலோ ஆரம்பிக்கிறப்போ முன் வரிசையில இருந்து வந்த கமென்ட் எல்லாம் முஃப்தி சொன்னதா? நம்ம கூடப் படிக்கிறவன் சொன்னது.

கூட்டம்னதும் ஞாபகம் வருது. 1990-கள் ஆரம்பத்துல அமெரிக்காவோட ஒலிம்பியா ஊர்ல 'ரயட் கேர்ள்'னு ஒரு அலை கிளம்புச்சு. பிகினி கில் பேண்டோட கேத்லீன் ஹானா ஷோ நடக்குறப்பவே பொண்ணுங்களை முன்னாடி வரச் சொல்வாங்க, பசங்களைப் பின்னாடி போகச் சொல்வாங்க. அன்னிக்குப் பலருக்குக் கோபம். நான் நம்ம ஊர் ராக் ஷோவைப் பார்த்தவ. முன்னாடி தள்ளுமுள்ளு, பொண்ணுங்க எல்லாம் ஓரத்துச் சுவர்ல சாஞ்சுக்கிட்டு, தோழியோட பர்ஸையும் சேர்த்துப் புடிச்சுக்கிட்டு நிப்பாங்க. கிடாரிஸ்ட்டோட விரல் எங்க போகுதுன்னு பக்கத்துல நின்னு பார்த்தாத்தானே நாளைக்கு வாசிக்கத் தோணும்? சுவர் ஓரத்துல இருந்து பார்த்தா முடி மட்டும்தான் தெரியும்.

சரி, பெரும்பாக்கத்துக்கு வருவோம். 'உனக்கு என்னம்மா, சென்னைப் பொண்ணு'ன்னு மதுரையில இருந்து ஒரு வாசகி எழுதியிருந்தாங்க. அம்மாடி, பெரும்பாக்கம் வந்து பாருங்க! ஒரு பக்கம் ஐ.டி. கம்பெனிக்காரங்க அபார்ட்மென்ட். இன்னொரு பக்கம் கூவம், அடையாறு கரையில இருந்து எழுப்பிக் கொண்டுவந்து குடிவெச்ச ஜனங்களோட எட்டு மாடி ப்ளாக்குகள், வரிசை வரிசையா. சுத்திச் சதுப்பு நிலம், ஏரி. மழை பெஞ்சா ரோடும் ஏரி. எங்க வீட்டுல வெள்ளம் வர்றப்போ முதல்ல பரணுக்கு ஏறுறது அரிசி மூட்டை, ரெண்டாவது என் ஆம்ப். மூணாவதுதான் தங்கச்சியோட ஸ்கூல் பேக்.

ஷோ நடக்குறது நுங்கம்பாக்கம், அடையாறு, இல்லைன்னா ஈ.சி.ஆர். பக்கம். ஒலிபெருக்கிக்கு நாடு முழுக்க ஒரு ரூல் இருக்கு. 2000-ல வந்த ஒலி மாசு விதிகள். ராத்திரி 10-ல இருந்து காலையில 6 வரைக்கும் திறந்த வெளியில ஸ்பீக்கர் கூடாது. அதனால நல்ல பேண்ட் எல்லாம் எட்டரையில இருந்து பத்துக்குள்ள. லேடீஸ் ஹாஸ்டல் கேட் எத்தனை மணிக்கு மூடுது? சொல்லுங்க பார்ப்போம். நிறைய ஹாஸ்டல்ல எட்டு மணிக்கு முன்னாடியே. அப்போ உங்களுக்குக் கிடைக்கிறது ஆறு மணி ஸ்லாட். ஆறு மணிக்கு வாசிக்கிறது யாருக்கு? நாற்காலி போடுற அண்ணனுக்கும், சமோசா கடைக்கும்!

இன்னொரு சிக்கலும் இருக்கு. ஹோட்டல்களோட பார்லதான் வாரா வாரம் லைவ் மியூசிக். தமிழ்நாட்டுல மது வாங்க 21 வயசு ஆகணும். அப்போ காலேஜ் படிக்கிற பேண்ட்டுக்கு அந்தக் கதவு சட்டப்படி மூடினது. பையனாவது ஆளோட ஆளா நுழைஞ்சுடுவான். பொண்ணு பார்ல கிடார் வாசிச்சான்னா அது வீட்டுக்கு எந்த ரூபத்துல போய்ச் சேரும்னு நான் விளக்கணுமா? 2000-கள்ல அடையாறுல 'அன்வைண்ட் சென்டர்'னு ஒரு இடம் இருந்துச்சு. குடி, கிடி கிடையாது. காலேஜ் பேண்டுகள் வந்து சொந்தப் பாட்டு வாசிக்கும். 'ஜூன் ராக் அவுட்'னு வருஷா வருஷம் ஷோ. சீனியர் அண்ணன், அக்காங்க இன்னும் கண்ணு கலங்கச் சொல்லுவாங்க. அந்த மாதிரி, பாரும் இல்லாத, காலேஜ் ஆடிட்டோரியமும் இல்லாத நடுவாந்திர இடம் பொண்ணுங்களுக்குத்தான் ரொம்பத் தேவை. எங்க தென்புறநகர்ல அப்படி நிலையா ஒண்ணைக் காட்டுங்க, கால்ல விழுறேன்.

மிச்சம் இருக்குறது காலேஜ் கல்ச்சுரல்ஸ். ஐ.ஐ.டி. சாரங், தாம்பரம் எம்.சி.சி. டீப்வுட்ஸ் மாதிரி மேடைங்க. இந்தப் பக்கத்துப் பேண்டுகளுக்கு அதான் முதல் பள்ளிக்கூடம். அங்கே ஜட்ஜ் சொல்ற பாராட்டு ஒண்ணு இருக்கு. "பொண்ணா இருந்தும் என்னமா வாசிக்கிறே!" அந்த 'இருந்தும்'ல ஒரு 'உம்' இருக்கே, தமிழ் மேஜர் படிக்கிறவங்க அதுக்கு இலக்கணக் குறிப்பு எழுதி அனுப்புங்க. செம்மொழி நிறுவனமே எங்க ஏரியாலதான் இருக்கு, காட்டி ஓகே வாங்கிடலாம்.

அப்புறம் மார்ச் மாசம். பதினோரு மாசம் யாரும் கண்டுக்க மாட்டாங்க. மார்ச் 8 நெருங்கினா போன் மேல போன். "மேடம், ஆல் கேர்ள்ஸ் பேண்ட் இருந்தா சொல்லுங்க, பிங்க் கலர் டிரெஸ்ல வரணும்." எங்க பேண்ட்ல நான் ஒருத்திதான் பொண்ணு, மத்த மூணு பேரும் தடிப் பசங்க. "அவங்களை விட்டுட்டு நீங்க மட்டும் வர முடியுமா?" டிரம்ஸ் இல்லாம ராக் ஷோவா? நான் போறதில்லை. இதுக்காக என்னைத் திட்டுற தோழிங்க இருக்காங்க. கிடைக்கிற மேடையை ஏன் விடுறேன்னு. அவங்க சொல்றதும் நியாயம்தான், வாடகை கட்டணுமே. ஆனா வருஷத்துல ஒரு நாள் கொலு பொம்மை மாதிரி வெச்சுட்டு மறுநாள் பரண்ல போடுறதுக்கு எனக்கு மனசு ஒப்பலை.

நல்ல சேதியும் இருக்கு, இல்லாம இல்லை. ஷில்லாங்கோட 'சோல்மேட்' பேண்ட். 2003-ல ஆரம்பிச்சது. டிப்ரிட்டி கர்பாங்கர் பாடுறதோட கிடாரும் வாசிப்பாங்க. 2007-ல அமெரிக்காவோட மெம்ஃபிஸ் நகரத்துல நடக்குற சர்வதேச ப்ளூஸ் போட்டி வரைக்கும் போனாங்க. அருணாசலப் பிரதேசம் இட்டாநகர்ல 'வைனல் ரெக்கார்ட்ஸ்'னு பொண்ணுங்களே சேர்ந்து ஒரு போஸ்ட் பங்க் பேண்ட் நடத்தினாங்க. நம்ம ஊர்ல 2018 ஜனவரியில 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் மேடை ஏறுச்சு. கானா, பறை, ராக், ராப் எல்லாம் கலந்து அடி. அத்தனை ஆம்பளைங்களுக்கு நடுவுல கானா பாடினது இசைவாணி. கானா ஆம்பளைங்க பாடுறதுன்னு எழுதாத சட்டம் ஒண்ணு இருந்துச்சு இல்லையா, அதை அவங்க பாடியே கிழிச்சாங்க. 2020-ல பி.பி.சி.யோட 100 பெண்கள் லிஸ்ட்ல அவங்க பேரு வந்துச்சு. 'பாடுறவதானே, கிடாரிஸ்ட் இல்லையே'ன்னு கேட்பீங்க. ஆமா, அது இன்னும் பாக்கி.

வாங்குற கணக்கு மட்டும் மாறிடுச்சு. 2018-ல ஃபெண்டர் கம்பெனி எடுத்த ஆய்வுல அமெரிக்காவுலயும் பிரிட்டன்லயும் புதுசா கிடார் கத்துக்கிறவங்கள்ல பாதிப் பேர் பொண்ணுங்க. பாதி! கம்பெனிக்காரனுக்கே ஆச்சரியம். நம்ம ஊருக்கு அப்படி ஒரு கணக்கு எடுத்ததா தெரியலை. ஆனா சனி, ஞாயிறு எந்த மியூசிக் கிளாஸ் வாசல்லயும் போய் நில்லுங்க, முதுகுல கிடார் பையோட எத்தனை பொண் குழந்தைங்க இறங்குறாங்கன்னு தெரியும். கிரேடு எக்ஸாம் எல்லாம் எழுதி டிஸ்டிங்ஷன் வாங்கிடுறாங்க. அப்புறம் அந்தப் பொண்ணுங்க எல்லாம் எங்கே போறாங்க? ப்ளஸ் டூ வந்ததும் கிடார் கட்டில் அடியில. காலேஜ்ல ரெண்டு வருஷம் வெளியில வருது. கேம்பஸ் இன்டர்வியூ வந்ததும் திரும்பக் கட்டில் அடி. பசங்களும்தான் ஓ.எம்.ஆர். ஆபீஸுக்குள்ள காணாமப் போறாங்க, இல்லைன்னு சொல்லலை. ஆனா அவன் சனிக்கிழமை ஜாம் பண்ண வர்றேன்னா வீட்டுல 'பாவம், ரிலாக்ஸ் பண்ணட்டும்'. அவ வர்றேன்னா 'மாப்பிள்ளை வீட்டுல கேட்டா என்ன சொல்றது?'

எங்க ப்ளாக்குப் பக்கத்துல எட்டாவது படிக்கிற குட்டி ஒருத்தி இருக்கா. சாயங்காலம் நான் மொட்டை மாடியில ஹெட்போன் ஆம்ப் மாட்டிக்கிட்டு ப்ராக்டிஸ் பண்றப்போ வந்து எதிர்ல உட்காருவா. ஹெட்போன் என் காதுல, அவளுக்குத் தந்தி 'டிக் டிக்'னு மட்டும்தான் கேட்கும். ஒரு நாள் முழுக்க அதையே பார்த்துட்டு, "அக்கா, இதுல மூணாவது கம்பியை நீங்க மட்டும் ஏன் இழுக்குறீங்க?"ன்னு கேட்டா. சத்தம் கேட்காமலே பெண்டிங்கைக் கண்டுபுடிச்சுட்டா மக்களே! இப்போ வாரத்துக்கு ரெண்டு நாள் கிளாஸ். ஃபீஸ், அவங்க அம்மா சுடுற பணியாரம்.

இந்த வாரத் தபால். தாம்பரத்துல இருந்து பி.காம். ரெண்டாவது வருஷத் தோழி கேட்டிருக்காங்க: "ட்யூஷன் எடுத்து ஐயாயிரம் சேர்த்திருக்கேன். செகண்ட் ஹேண்ட்ல வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்கணும்?"

தாராளமா வாங்கலாம். கடைக்கோ வீட்டுக்கோ பகல்ல போங்க, வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. கிடாரைக் கண்ணுக்கு நேரா புடிச்சு, கழுத்து வில்லு மாதிரி வளைஞ்சிருக்கான்னு பாருங்க. லேசா வளைஞ்சிருந்தா உள்ள இருக்குற ட்ரஸ் ராடைத் திருகிச் சரி பண்ணிடலாம், முறுக்கி இருந்தா வேணாம். பன்னிரண்டாவது ஃப்ரெட்ல தந்திக்கும் மரத்துக்கும் எவ்வளவு உயரம்னு பாருங்க. ரொம்ப உயரமா இருந்தா விரல் செத்துடும், 'கை சின்னது'ன்னு உங்க தலையில பழி விழும். ஒவ்வொரு ஃப்ரெட்டா ஒவ்வொரு தந்தியும் வாசிச்சு எங்கேயாவது 'ஜ்ர்ர்'னு கர்ருதான்னு கேளுங்க. தந்தி துரு புடிச்சிருந்தா கவலை வேணாம், அதைக் காட்டி விலையில இருநூறு குறைங்க. நம்ம ஊர் ஈரத்துக்கு எப்படியும் புதுசு மாத்தணும். கிடார் பைக்குள்ள ரெண்டு சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு வைங்க. புது ஷூ டப்பாவுல வருமே, அதே போதும்.